டார்லா நீட்டிய இடது கை

டார்லா விட்டெக் பால் லாரி ஓட்டுகிறவள். வாரத்தில் ஆறு நாளும் பண்ணை பண்ணையாகப் போய், குளிர்தொட்டியில் குழாயைச் செருகி, லாரியில் பாலை ஏற்றிக்கொண்டு சீஸ் ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும். தொட்டி காலியாகும்வரை சும்மா நிற்க வேண்டியிருக்கும். ஜூன், ஜூலை மாதங்களில் அந்த நேரம் பார்த்துப் பண்ணைக்காரர் யாராவது ரப்பர் பூட்ஸோடு வந்து பக்கத்தில் நிற்பார். அவர் பாலைப் பற்றிப் பேச வந்திருக்கமாட்டார்.

"ஏம்மா டார்லா, நேத்து எம்பொண்ணு சேஃப்தானே?"

"அவுட்டு."

"என் கண்ணால பாத்தேன். கால் பட்டுருச்சு."

"நீ வேலிக்கு அந்தப் பக்கம் பன்றிக்கறி சாண்ட்விச்ச கடிச்சுக்கிட்டு பாத்த. நான் பக்கத்துல குனிஞ்சு நின்னு பாத்தேன்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே மாட்டுக்கொட்டகைக்குள் போவார். மறுநாள் ஆட்டத்துக்கும் முதல் ஆளாக வந்து அதே வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அயோவாவின் அந்தப் பக்கத்துச் சிற்றூர்களில் சோளம் தோள் உயரம் வளர்ந்துவிட்டால் பெண் பிள்ளைகளின் சாஃப்ட்பாலைத் தவிர வேறு பேச்சு இருக்காது. மட்டையால் அடித்தவள் மூன்று பேஸ்களையும் வரிசையாக மிதித்துப் பிளேட்டுக்குத் திரும்பினால் ஒரு ரன்; பேஸைத் தொடுமுன் பந்தோடு மடக்கிவிட்டால் அவுட், இல்லையென்றால் சேஃப். பள்ளிக்கூடம் விடுமுறையில் இருக்கும், பள்ளி அணி மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். ஊரே மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வந்துவிடும். அந்தக் கூட்டத்தின் முன்னால் நீலச்சட்டை போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொல்லும் வேலை டார்லாவுக்கு.

அவளை அந்த வேலைக்கு இழுத்து வந்தது அவள் புருஷன் வெண்டல். கல்யாணமான புதிதில் அவன்தான் அம்பயர். அவள் பள்ளி நாட்களில் பிளேட்டுக்குப் பின்னால் பந்து பிடிக்கும் கேட்சராக ஆடியவள், அதனால் அவனோடு கூடவே போய் வேலிக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்ப்பாள். வீடு திரும்பித் தங்கள் பண்ணையில் பால் கறக்க உட்கார்ந்தால் பேச்சு தொடங்கிவிடும். ஒரு மாட்டுக்கு அந்தப் பக்கம் அவன், அடுத்த மாட்டுக்கு இந்தப் பக்கம் அவள்.

"அஞ்சாவது இன்னிங்ஸ்ல நீ சொன்னது தப்பு, வெண்டல்."

"தப்புன்னா நீயே வந்து நில்லேன்."

ஒரு கோடையில் அவனோடு நிற்க வேண்டிய இன்னொரு அம்பயர் வைக்கோல் கட்டும் இயந்திரத்தில் விரலை நசுக்கிக்கொண்டார். டார்லா வந்து நின்றாள். அவருடைய சட்டை அவளுக்கு முழங்கால் வரை தொங்கியது. முதல் இன்னிங்ஸிலேயே கூட்டம் அவளைத் திட்டத் தொடங்கியது, ஏழாவது இன்னிங்ஸ் முடியும்வரை நிறுத்தவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். இத்தனை பேர் சேர்ந்து கத்தும்போது தன் குரல் நடுங்காமல் வந்ததே என்பதில் அவளுக்கு அப்படி ஒரு குதூகலம்.

போகப் போக அவளுக்கென்று ஒரு பெயர் வந்தது. இடையூறு, வழிமறிப்பு இரண்டுக்கும் டார்லாவை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று மற்ற அம்பயர்களே சொன்னார்கள். அந்த இரண்டும்தான் அம்பயர்களுக்குக் கிலி. விதி என்னவோ சின்னதுதான். அடித்த பந்தைப் பிடிக்கப் போகிறவளை ஓடுகிறவள் கெடுத்தால் அது இடையூறு: ஆட்டம் அங்கேயே நிற்கும், ஓடியவள் அவுட். பந்தைப் பிடிக்கும் வேலை இல்லாத ஒருத்தி, கையில் பந்தும் இல்லாமல், ஓடுகிறவளின் பாதையில் நின்றால் அது வழிமறிப்பு: அம்பயர் இடது கையைப் பக்கவாட்டில் நீட்ட வேண்டும், ஆட்டம் அதுபாட்டுக்கு ஓடி முடியும், பிறகு ஓடியவளுக்குச் சேரவேண்டிய பேஸைக் கொடுக்க வேண்டும். ஒரே மோதல்தான். இப்படிப் பார்த்தால் ஒரு கட்சிக்கு லாபம், அப்படிப் பார்த்தால் இன்னொரு கட்சிக்கு. இதில் கஷ்டம் என்னவென்றால், இவை நடப்பது பந்து இல்லாத இடத்தில். மைதானத்தில் இருக்கிற அத்தனை கண்ணும் பந்தோடு போகும். டார்லா மட்டும் பந்தை ஒருமுறை பார்த்துவிட்டு, ஓடுகிறவளின் இடுப்பைப் பார்ப்பாள்.

"பந்து எங்க போச்சுன்னு ஊரே சொல்லும். பொண்ணு எங்க போனான்னு நான்தான் சொல்லணும்" என்பாள்.

வெண்டலோடு அவள் வாழ்ந்த வாழ்க்கை நல்ல வாழ்க்கை. அவளே அப்படித்தான் சொல்வாள். அறுபது மாடு, ஒரு மகன், அவன் மினசோட்டாவில் வேலைக்குப் போய்விட்டான். பால் விலை விழுந்துகொண்டே வந்தது. வெண்டலுக்கு முழங்கால் தேய்ந்தது. இரண்டு பேருக்கும் தெரியும் என்னவோ செய்யவேண்டும் என்று. ஆனால் பேசவில்லை.

ஒரு சனிக்கிழமை அவள் பக்கத்து மாவட்டத்துக்கு ஒரு போட்டியில் அம்பயராக நிற்கப் போனாள். சாயங்காலம் திரும்பி வந்தால் வாசலில் மாட்டு லாரிகளின் டயர்த் தடம். கொட்டகையின் கதவு இரண்டு பக்கமும் திறந்து கிடந்தது. உள்ளே ஒரு மாடுகூட இல்லை. வெண்டல் தரையைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"எங்க?" என்றாள்.

"வித்துட்டேன்."

"என்கிட்ட கேக்காம?"

"கேட்டா நீ விட்டிருக்கமாட்ட. பாத்துக்கிட்டு நின்னு அழுதிருப்ப. அதான், நீ இல்லாத நாளா பாத்து."

அவள் கெட்டவார்த்தை எதுவும் பேசவில்லை. அவன் கெட்டவனில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனால் இருபது வருஷத்துக்கு மேல் விடியக்காலையில் தொட்டுத் தொட்டு எழுப்பிய மாடுகள், ஒவ்வொன்றுக்கும் அவள்தான் பெயர் வைத்தாள். அந்தக் குளிர்காலத்திலேயே விவாகரத்து ஆயிற்று. அவள் ஊருக்குள் பேக்கரிக்கு மாடியில் வாடகைக்குப் போனாள், பால் லாரி வேலையில் சேர்ந்தாள். அம்பயர்களை ஆட்டங்களுக்குப் பங்கிட்டு அனுப்புகிற ஆர்வின் டெக்கரிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்: "எங்க வேணா அனுப்பு, யாரோட வேணா அனுப்பு. அவனோட மட்டும் வேண்டாம்."

ஆர்வின் ஆறு கோடை அந்த வார்த்தையைக் காப்பாற்றினார். ஏழாவது கோடையில், மாநிலப் போட்டிக்கு யார் போவது என்று முடிவாகும் ஆட்டத்தன்று மதியம், தொலைபேசியில் கூப்பிட்டார்.

"இந்தா பாரு டார்லா, கோவிச்சுக்காத. உன்னோட நிக்க வேண்டியவனுக்கு சிறுநீரகத்துல கல்லு. ஆஸ்பத்திரியில உருண்டுக்கிட்டு கெடக்கான்."

"வேற யாரு இருக்கா?"

ஆர்வின் தொண்டையைக் கனைத்தார். வெண்டல்தான் என்று அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஆர்வின்."

"மத்தவங்க எல்லாரும் வேற ஆட்டத்துல இருக்காங்கம்மா. நாளைக்கு மழைன்னு ரேடியோல சொல்றான். பிள்ளைங்க வருஷம் பூரா காத்துக்கிட்டு இருந்துச்சுங்க."

"நான்தான் பிளேட்டுக்குப் பின்னாடி நிப்பேன். அவன் பேஸ்ல நிக்கட்டும்."

"அவனும் அதான் சொன்னான். அவளுக்குத்தான் பிளேட்டு சரின்னு."

அவன் அப்படிச் சொன்னான் என்பது அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

ஆட்டம் ஹார்லிங் ஊர் மைதானத்தில். எதிரணி வெஸ்ட் ப்ரேக். வெயில் சாய்ந்தும் புழுக்கம் விடவில்லை. கூட்டம் வேலிக்கு மூன்று வரிசை. தீயணைப்பு வண்டியைக்கூடக் கொண்டுவந்து நிறுத்தி அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். டார்லாவும் வெண்டலும் வாகனம் நிறுத்துமிடத்தில் ஆளுக்கொரு வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஷூ மாட்டினார்கள். அவனுக்கு முடி முழுக்க நரைத்துவிட்டது.

"முழங்கால் எப்படி இருக்கு?" என்றாள்.

"மாத்திட்டாங்க. இரும்பு."

"ஓட முடியுமா?"

"உன்னவிட வேகமா."

பேச்சு அவ்வளவுதான். இருவரும் ஒன்றாக மைதானத்துக்குள் நடந்து வந்தபோது கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. ஹார்லிங்கில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். தீயணைப்பு வண்டியின் மேலிருந்து ஒருவன் கூவினான்: "சாமான்கள பிரிச்சுக்கிட்டாச்சா, இல்ல இன்னும் பாக்கி இருக்கா?" கூட்டம் சிரித்தது. வெண்டலின் காது சிவந்தது. டார்லா முகமூடியை மாட்டிக்கொண்டாள்.

ஆறு இன்னிங்ஸ் சிக்கல் இல்லாமல் போயிற்று. சரியாகச் சொன்னால், சிக்கல் இல்லாமல் போனதே அவளுக்கு வியப்பாக இருந்தது. பந்து வெளிமைதானத்துக்குப் போனால் அவன் எங்கே ஓடுவான் என்று அவளுக்குச் சொல்லாமலே தெரிந்தது. அவள் மூன்றாம் பேஸ் பக்கம் நகர்ந்தால் அவன் பார்க்காமலே முதல் பேஸுக்குப் போய்விட்டான். மனசு மறந்ததைக் கால் மறக்கவில்லை.

கடைசி இன்னிங்ஸ். வெஸ்ட் ப்ரேக் நாலு, ஹார்லிங் மூணு. ஹார்லிங் மட்டை பிடிக்கிறது, ஒரு அவுட் ஆகிவிட்டது, மூன்று ஆனால் ஆட்டம் முடிந்தது. இரண்டாம் பேஸில் கெல்சி மோரா என்கிற பெண், அந்த அணியிலேயே அதிக வேகக்காரி. அவள் 'வீட்டுக்கு', அதாவது பிளேட்டுக்கு, திரும்பினால் ஆட்டம் சமம். கூட்டம் தகரத் தடுப்பைத் தட்டத் தொடங்கியது. அந்தச் சத்தம் டார்லாவின் முகமூடிக் கம்பியில் அதிர்ந்தது. அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த அடிப்பு அவளுக்குப் பிடிக்கும். அதற்காகத்தான் அவள் இத்தனை வருஷமாக இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

பந்து வந்தது. மட்டை பட்டது. தரையில் ஒருமுறை குதித்து இடது பக்கம் உருண்டது. மூன்றாம் பேஸ்காரி குறுக்கே பாய்ந்தாள், கையுறைக்கு எட்டவில்லை. பந்து அவளைத் தாண்டிப் பின்னால், இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே காவல் நின்ற ஷார்ட்ஸ்டாப்பை நோக்கிப் போனது. ஷார்ட்ஸ்டாப் குனிந்தாள். கெல்சி இரண்டு பேருக்கும் நடுவே இருந்த பாதையில் பறந்து வந்துகொண்டிருந்தாள்.

டார்லா முகமூடியைக் கழற்றிக்கொண்டு கோட்டோரமாக முன்னால் ஓடினாள். பந்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு கெல்சியின் இடுப்பைப் பார்த்தாள். பாய்ந்த வேகத்தில் நிற்க முடியாமல் மூன்றாம் பேஸ்காரி நேராகப் பாதைக்குள் தள்ளாடி வந்து கெல்சியின் மார்பில் தோளால் மோதினாள். கையில் பந்து இல்லை. பந்தைப் பிடிக்கும் வேலையும் அவளுக்கு இனி இல்லை. டார்லாவின் இடது கை தானாக நீண்டது.

"வழிமறிப்பு" என்று அவள் கத்திய அதே நொடியில் மைதானத்தின் உள்ளிருந்து வெண்டலின் குரல் இடி மாதிரி வந்தது.

"ஆட்டம் நின்னுருச்சு. இடையூறு. ஓடினவ அவுட்."

அவன் இரண்டு கையையும் உயர்த்தி நின்றான். டார்லா ஒரு கையை நீட்டி நின்றாள். நடுவே மூன்று பெண்கள் புழுதியில் கிடந்தார்கள். பந்து யாரும் தொடாமல் இடது மைதானப் புல்லில் உருண்டு போய் நின்றது.

மைதானமே வெடித்தது. வெஸ்ட் ப்ரேக் பயிற்சியாளர் லும்ஸ்டன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வெண்டலைக் காட்டிக் காட்டி ஓடி வந்தார்: "அவர் அவுட் சொல்லிட்டாரு. சொன்னது சொன்னதுதான்." ஹார்லிங் பயிற்சியாளர் ஸ்டேசி டார்லாவின் கையைக் காட்டி ஓடி வந்தாள்: "அந்தக் கைய பாருங்க. கை நீட்டியாச்சு." தீயணைப்பு வண்டிமேல் இருந்தவன் விடவில்லை: "வக்கீல கூப்பிடுங்கப்பா, மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்க."

டார்லா இரண்டு பயிற்சியாளர்களையும் பார்த்துக் கையைக் காட்டினாள். "ரெண்டு பேரும் உங்க இடத்துக்குப் போங்க. நாங்க பேசணும்."

"எவ்வளவு நேரம் பேசுவீங்க?" என்றார் லும்ஸ்டன்.

"நாங்க பேசி ரொம்ப நாளாச்சு. பொறுங்க."

பந்து எறியும் பிட்சர் நிற்கும் வட்டத்துக்கு அவள் நடந்தாள். வெண்டலும் வந்தான். இருவரும் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, தொப்பி விளிம்பு முட்டும் அளவுக்கு நெருங்கி நின்றார்கள். அவன் தாடை இறுகியிருந்தது. அந்தத் தாடையை அவளுக்குத் தெரியும். கொட்டகையைக் கழுவிய அன்றும் அப்படித்தான் இருந்தது.

"ஷார்ட்ஸ்டாப் குனிஞ்சு பந்த எடுக்கப் போறா, ஓடினவ அவ மேல போய் விழுந்துட்டா" என்றான் அவன். "இதவிட சுத்தமான இடையூற நான் பாத்ததே இல்ல, டார்லா. நான் ரெண்டு கெஜத்துல நின்னேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. ஷார்ட்ஸ்டாப் மேல் விழுந்ததை அவள் பார்க்கவே இல்லை. மூன்று பேரும் கீழே கிடந்ததைத்தான் பார்த்தாள். பார்த்ததாகச் சொல்லிவிடலாம். சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"அத நான் பாக்கல" என்றாள்.

அவன் நிமிர்ந்தான். சண்டைக்குத் தயாராக வந்தவன், இதை எதிர்பார்க்கவில்லை.

"எப்படி பாக்காம இருப்ப?"

"மூணாம் பேஸ்காரி மறைச்சுட்டா. அவ முதுகுதான் எனக்கு முன்னாடி. நீ அவள பாத்தியா?"

"எவள?"

"மூணாம் பேஸ்காரிய."

வெண்டல் மைதானத்தைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பெண் முழங்கையில் ஒட்டிய மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் ஷார்ட்ஸ்டாப்பின் காலடியில் எப்படி வந்தாள் என்று அவன் இப்போதுதான் யோசித்தான்.

"இல்ல" என்றான் மெதுவாக. "ஷார்ட்ஸ்டாப்புக்கு நேர் பின்னாடி நின்னேன். அந்தப் பக்கம் எனக்கு ஒண்ணும் தெரியல."

"அவ குறுக்க விழுந்து கெல்சிய இடிச்சா. கையில பந்து இல்ல. அது சத்தியம். அப்புறம் என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. அது உனக்குத்தான் தெரியும்."

கூட்டம் கத்திக்கொண்டே இருந்தது. தகரத் தடுப்பில் அடி விழுந்துகொண்டே இருந்தது. அவர்கள் இருவருக்கும் அது கேட்கவில்லை. டார்லாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒரு மோதல் இல்லை, இரண்டு. முதல் பாதி அவளிடம், இரண்டாம் பாதி அவனிடம். இடி வாங்கிய பெண் தானாகவே திரும்பிப் போய் ஷார்ட்ஸ்டாப்பைக் கெடுத்திருந்தால் அவள் அவுட்தான், வழிமறிப்பு அவளைக் காப்பாற்றாது. இடித்த வேகத்தில் தள்ளிவிடப்பட்டுப் போய் விழுந்திருந்தால் அவள்மேல் குற்றமில்லை. எல்லாம் அந்த ஒரு நொடியில் இருந்தது.

"வெண்டல், யோசிச்சு சொல்லு. ஷார்ட்ஸ்டாப் மேல வந்தப்ப கெல்சி எப்படி வந்தா? ஓடி வந்தாளா?"

அவன் கண்ணை மூடினான். அவன் கண்ணை மூடி யோசித்து அவள் பார்த்ததே இல்லை. எதையும் உடனே முடித்துவிடுகிறவன் அவன்.

"அவ நம்பர் தெரிஞ்சுது" என்றான்.

"எந்த நம்பரு?"

"முதுகுல இருக்குற நம்பரு. ஏழு." கண்ணைத் திறந்தான். "டார்லா, அவ பின்பக்கமா வந்தா. முகத்த நான் பாக்கவே இல்ல. முதுகு காட்டிக்கிட்டு வந்து விழுந்தா."

"ஓடுறவ யாரும் முதுகு காட்டிக்கிட்டு ஓடமாட்டா."

"மாட்டா."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டார்லாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, உதட்டைக் கடித்து அடக்கினாள். அவன் முகத்திலும் அதே பரபரப்பு. கொட்டகையில் மாட்டுக்கு இருபுறமும் உட்கார்ந்து விதியைப் பிய்த்துப் பிய்த்துப் பேசி, கடைசியில் முடிச்சு அவிழ்ந்ததும் வருகிற முகம்.

"சரி. மூணாம் பேஸ் கெல்சிக்கு" என்றாள் அவள். "அடிச்சவளுக்கு முதல் பேஸ். நான்தான பிளேட்டு, நான் போய் சொல்றேன்."

"வேண்டாம்" என்றான் அவன். "அவுட்னு கத்தினது நானு. மாத்துறதும் நானே மாத்துறேன்."

அவன் லும்ஸ்டனை நோக்கி நடந்தான். அவன் தன் தீர்ப்பை மாற்றி டார்லா கண்டதில்லை. கல்யாணத்திலும் கண்டதில்லை. அவள் அங்கேயே நின்று பார்த்தாள்.

"நான் பாதிதான் பாத்தேன்" என்று அவன் சொல்வது கேட்டது. "மீதிய அவங்க பாத்தாங்க. உங்க மூணாம் பேஸ்காரி இடிச்சதாலதான் அந்தப் பொண்ணு போய் விழுந்துச்சு. இடையூறு இல்ல, வழிமறிப்பு."

"உன் முன்னாள் பெண்டாட்டி சொன்னா மாத்திடுவியா?" என்று லும்ஸ்டன் சீறினார்.

"பிளேட் அம்பயர் சொன்னா கேப்பேன். இன்னொரு வார்த்த அப்படிப் பேசினீங்கன்னா நீங்க பஸ்ல உக்காந்துதான் மிச்சத்த கேக்கணும்."

லும்ஸ்டன் தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். ஹார்லிங் கூட்டம் ஆரவாரம் செய்தது. ஆனால் ஸ்டேசி அதோடு விடுவதாக இல்லை. டார்லாவிடம் ஓடி வந்தாள்.

"பந்து இடது மைதானத்துக்குப் போயிருச்சு பாருங்க. கெல்சி வீட்டுக்கே வந்திருப்பா. ஒரு ரன் கொடுங்க."

"அந்த மோதல் இல்லேன்னா ஷார்ட்ஸ்டாப் பந்த எடுத்திருப்பா. எடுத்திருந்தா கெல்சி மூணோட நின்னிருப்பா. அவளுக்குக் கெடைச்சிருக்க வேண்டியதத்தான் நான் கொடுப்பேன், அதுக்கு மேல ஒரு பேஸ் கெடையாது."

"ஊரே பாத்துக்கிட்டு இருக்கு."

"பாக்கட்டும்."

ஆரவாரம் செய்த கூட்டம் முனகியது. டார்லா பிளேட்டைத் துடைத்துவிட்டு முகமூடியை மாட்டினாள்.

அடுத்த பெண் இரண்டாவது பந்தையே உயரத் தூக்கி அடித்தாள். இடது மைதானத்தில் பிடித்துவிட்டார்கள், இரண்டாவது அவுட். பந்து கையுறைக்குள் விழுந்ததும் கெல்சி மூன்றாம் பேஸை உதைத்துக்கொண்டு வீட்டை நோக்கிப் பறந்தாள். எறிந்த பந்தும் பறந்து வந்தது. டார்லா பிளேட்டின் பக்கவாட்டுக்கு நகர்ந்து, இரண்டையும் ஒரே பார்வையில் பிடிக்கும் கோணத்தைத் தேடிக் குனிந்தாள். கேட்சர் பாதையை விட்டு விலகி உள்பக்கம் நின்றாள். பந்து வந்து கையுறையில் அறைந்தது. பந்தோடு அவள் திரும்பிப் பாதையை மூடினாள். அதற்குப் பிறகுதான் கெல்சி சறுக்கி வந்து அவள் காலில் மோதினாள். புழுதி எழுந்தது. புழுதிக்குள் டார்லா பார்த்தாள்: பந்து கையுறையின் குழியில் அசையாமல் இருந்தது, கெல்சியின் கால் பிளேட்டுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம்.

ஊர் முழுக்க ஒரே குரலில் கேட்டது: "வழிமறிப்பு. மறிச்சுக்கிட்டு நின்னா. கைய நீட்டு."

டார்லா முஷ்டியை உயர்த்தினாள். "அவுட்டு. பந்து கையில இருந்துச்சு."

ஆட்டம் முடிந்தது. வெஸ்ட் ப்ரேக் பெண்கள் ஒருத்திமேல் ஒருத்தி ஏறி விழுந்தார்கள். ஹார்லிங் கூட்டத்திலிருந்து ஒரு பாப்கார்ன் பொட்டலம் வேலியைத் தாண்டி வந்து டார்லாவின் காலருகே விழுந்தது. கெல்சி மண்ணிலேயே உட்கார்ந்திருந்தாள், கன்னத்தில் புழுதியும் கண்ணீரும்.

"எனக்கு வழியே இல்லாம பண்ணிட்டா" என்றாள்.

"பந்த வாங்கிட்டு பண்ணினா. அதுக்கு அவளுக்கு உரிமை இருக்கு. நல்லா ஓடினடி, கெல்சி." டார்லா கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

அம்பயர்கள் ஆட்டம் முடிந்ததும் நிற்கக்கூடாது, நேராக வண்டிக்குப் போய்விட வேண்டும். அவளும் வெண்டலும் ஒன்றாக நடந்தார்கள். வெண்டல் கொஞ்சம் முன்னால், கூட்டத்துக்கும் அவளுக்கும் நடுவில். சாக்கு கிடைத்ததென்று திட்டியவர்கள் நிறையப் பேர். இரண்டு ஊரும் அன்று அவர்களைத் திட்டியது என்பதில் அவளுக்கு ஒரு திருப்தி. ஒரு ஊர் மட்டும் திட்டியிருந்தால்தான் யோசித்திருப்பாள்.

வண்டிகளின் பின்கதவுகளைத் திறந்து ஷூவைக் கழற்றினார்கள். வெண்டல் ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு புட்டி லெமனேடை எடுத்து நீட்டினான். அவள் வாங்கிப் பாதியைக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"முதுகு நம்பர்" என்றாள். "எப்படி ஞாபகம் வந்துச்சு?"

"நீ கேட்டதாலதான். நீ கேக்கலேன்னா நான் வாழ்க்க பூரா அது இடையூறுதான்னு சொல்லிக்கிட்டு இருந்திருப்பேன்."

அவன் புட்டியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். மைதான விளக்குகளை யாரோ அணைக்கத் தொடங்கினார்கள், ஒவ்வொன்றாக.

"டார்லா, மாட்ட வித்தப்ப உன்கிட்ட கேட்டிருக்கணும்."

"ஆமா. கேட்டிருக்கணும்."

"நீ விட்டிருக்கமாட்டேன்னு நெனச்சேன்."

"விட்டிருப்பேன். ரெண்டு நாள் அழுதுட்டு விட்டிருப்பேன். உன் முழங்கால நான் பாக்காமலா இருந்தேன். எனக்கு அந்த ரெண்டு நாள் வேண்டியிருந்துச்சு, அவ்வளவுதான்."

அவன் தலையை ஆட்டினான். ஆறு வருஷமாக அவள் நெஞ்சில் ஒரு கல்லைப் போல இருந்தது இடம் மாறி உட்கார்ந்தது மாதிரி இருந்தது. முழுக்கப் போகவில்லை.

அடுத்த வசந்தத்தில் ஆர்வின் தயங்கித் தயங்கிக் கேட்டார், வெண்டலோடு போடலாமா என்று. "போடு" என்றாள். பேக்கரிக்கு வருகிற பெண்களெல்லாம் கல்யாணம் எப்போது என்று கேட்டார்கள். கல்யாணம் ஒன்றும் நடக்கவில்லை. அவள் மாடியிலேயே இருந்தாள், அவன் பண்ணையிலேயே இருந்தான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் விட்டதும் அவன் விதிப்புத்தகத்தோடு வந்து புளிப்புத் தண்டு வைத்துச் சுட்ட ரூபார்ப் பை தின்றுகொண்டே சண்டை போட்டுவிட்டுப் போவான். அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது. சில வாரம் போதுமானதற்கு மேலாகவும் இருந்தது, அப்போது தலைவலி என்று சொல்லி அனுப்பிவிடுவாள்.

இரண்டு கோடை கழித்து மாநிலப் போட்டிக்கு அவர்கள் இருவரையும் தேர்ந்தெடுத்தார்கள். போட்டி நடக்கும் ஃபோர்ட் டாட்ஜுக்கு அவன் வண்டி ஓட்ட, அவள் போனாள். அவன் மெதுவாக ஓட்டியதில் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். அவ்வளவு பெரிய மைதானத்தில் அவள் நின்றதில்லை. சுற்றிலும் பார்த்தால் முகங்கள், முகங்கள். மார்புக்கவசத்தைத் தலைகீழாக மாட்டிக்கொண்டிருந்தாள், அவளுக்கே தெரியவில்லை.

"இங்க வா" என்றான் வெண்டல். வாரைக் கழற்றித் திருப்பி மாட்டி இறுக்கினான். "மூச்சு விட முடியுதா?"

"முடியல."

"கவசத்தாலயா?"

"இல்ல" என்றாள். அவள் கண் பளபளத்தது. "போய் உன் இடத்துல நில்லு."

அவன் இரும்பு முழங்காலோடு முதல் பேஸ் கோட்டுக்கு ஓடினான். டார்லா முகமூடியை இறக்கினாள், பிட்சரை நோக்கி விரலை நீட்டினாள், ஆட்டம் தொடங்கட்டும் என்று குரல் கொடுத்தாள். குரல் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது என்று பிறகு சொன்னார்கள்.